கைக்கு எட்டும் கடமை

செய்ய வேண்டிய ஒன்றை மனிதர் செய்யத் தவறும்போது, அந்தத் தவறு அவருடைய மனத்தில் இருக்கிறதா, அந்தச் செயல் அமைந்திருக்கும் இடத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை அறவியல் நூல்கள் நேரடியாக எழுப்புவது அரிது. பெரும்பாலான நூல்கள் மனத்தையே விசாரிக்கின்றன. சோம்பல், மறதி, ஆசை, அச்சம் ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டி, அவற்றை வெல்லும் வழிகளைக் கூறி முடித்துவிடுகின்றன. ஆனால் அன்றாட வாழ்வில் தவறிப்போகும் கடமைகளில் பல, அவை எட்டாத இடத்தில் இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால் தவறிப்போகின்றன. அப்படி எட்டாத இடத்தில் இருக்கும் கடமையைக் கைக்கு எட்டும் இடத்துக்கு ஒருவர் நகர்த்திக்கொண்டால், அது தம் பலவீனத்துக்கு இணங்கிப்போவதாகுமா, அல்லது அந்த நகர்த்தலே அறச்செயல் ஆகுமா என்பதை ஆராய, மோட்டார் சைக்கிளின் ஆயில் ஃபில்டரை உரிமையாளர் தம் கையாலேயே இடம் மாற்றிப் பொருத்தும் வேலை பொருத்தமான சான்றாக அமைகிறது. இவ்வளவு பழைய கேள்வியை இவ்வளவு சிறிய பட்டறை வேலையில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது என்று சிலருக்குத் தோன்றலாம். எனினும் மனத்தின் பங்கையும் இடத்தின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதற்கு, ஸ்பேனரும் குழாயும் போன்ற திட்டமான பொருள்கள் உள்ள களமே உதவுகிறது.

ஆயில் ஃபில்டர் என்பது இன்ஜினுக்குள் சுற்றிவரும் எண்ணெயிலிருந்து உலோகத் துகள்களையும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் பிரித்து நிறுத்தும் வடிகட்டியாகும். அதன் உள்ளே மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்ட காகிதம் இருக்கிறது. எண்ணெய் வெளிப்புறத்திலிருந்து அந்தக் காகிதத்தின் வழியே உட்புறம் நோக்கிச் செல்லும்போது அழுக்கு மடிப்புகளில் தங்கிவிடுகிறது. காரில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் இருப்பது வழக்கம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ ஒரே எண்ணெய் இன்ஜினையும் கியர்களையும் கிளட்ச் தகடுகளையும் நனைப்பதால், கிளட்ச் தேய்ந்து விழும் தூளும் கியர் பற்களின் இரும்புத் துகளும் அதே எண்ணெயில் கலக்கின்றன. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவானது என்பதால், கண்ணுக்குத் தெரியாத துகளும் அங்கே கீறல் போடும் வலிமை உடையது. குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றுவது போலவே ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேடு கூறுவது இதனால்தான்.

யமஹா நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த வி ஸ்டார் 650 என்ற வண்டி, பிற நாடுகளில் டிராக் ஸ்டார் என்ற பெயரில் அறியப்பட்டது. 649 சிசி கொள்ளளவும், V வடிவில் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்களும், காற்றால் குளிரும் இன்ஜினும், செயினுக்குப் பதிலாகச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டும் கொண்ட அந்த வண்டி, எளிமைக்கும் உழைப்புக்கும் பெயர் பெற்றது. அதன் எண்ணெயை வடிப்பது கடினமன்று. கீழே உள்ள போல்ட்டைக் கழற்றினால் எண்ணெய் பாத்திரத்தில் இறங்கிவிடும். ஃபில்டரோ இன்ஜினின் வலப்புறத்தில் ஒரு வட்ட அறைக்குள், புகைக்குழாய்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் புகைக்குழாய்களைக் கழற்றியாக வேண்டும். புகைக்குழாயைச் சிலிண்டர் தலையோடு பிணைக்கும் ஸ்டட்கள் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து துருவேறியவை. கழற்றும்போது ஒன்று முறிந்தால், முறிந்த துண்டைத் துளையிலிருந்து எடுப்பது தனி வேலையாகிவிடும். குழாயை மீண்டும் மாட்டும்போது அதன் வாயில் வைக்கும் கேஸ்கெட்டையும் புதிதாக இடுவது நல்லது. இவ்வளவையும் கடந்துதான் ஒரு காகித உருளையை மாற்ற முடியும் என்ற நிலையில், எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பொறுப்பான மனிதரிடமும் எழுகிறது. அடுத்த முறையும் புகைக்குழாய் அதே இடத்தில்தான் இருக்கும்.

இத்தகைய வண்டிகளுக்கென்று இடமாற்றத் தொகுப்புகள் விற்கப்படுகின்றன; லேத் வேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்வதும் உண்டு. பழைய வட்ட அறையின் மூடிக்குப் பதிலாக, இரண்டு துளைகள் உள்ள ஒரு தட்டு பொருத்தப்படுகிறது. ஒரு துளையிலிருந்து அழுக்கு எண்ணெய் ஒரு குழாய் வழியே வெளியேறி, வண்டியின் முன்பக்கச் சட்டத்தில் பிடிப்புத் தகட்டோடு நிற்கும் புதிய ஃபில்டரை அடைகிறது; வடிகட்டப்பட்ட எண்ணெய் மற்றொரு குழாய் வழியே இரண்டாம் துளைக்குத் திரும்பி இன்ஜினுக்குள் செல்கிறது. புதிய ஃபில்டர், காரில் இருப்பது போல, கையால் திருகி மாட்டக்கூடிய தகர டப்பி வகையைச் சேர்ந்தது. ஒருமுறை இந்த வேலை முடிந்துவிட்டால், அதன்பின் ஃபில்டர் மாற்றுவது சில நிமிட வேலை. புகைக்குழாயைத் தொட வேண்டியதே இல்லை.

இந்தச் செயலின் அறப்பொருளை எடைபோடுவதற்கு முன், ஃபில்டருக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பைப் பற்றி நின்று பேசவேண்டியிருக்கிறது. காகித மடிப்புகள் முழுவதும் அழுக்கால் அடைபட்டுவிட்டால் எண்ணெய் அவ்வழியே செல்ல முடியாது. எண்ணெய் செல்லாவிட்டால் பேரிங்குகள் வறண்டு இன்ஜின் விரைவில் இறுகிவிடும். இதைத் தடுப்பதற்காக, பெரும்பாலான ஃபில்டர் அமைப்புகளில் சுருள்வில் தாங்கிய ஒரு மாற்றுவழி வால்வு வைக்கப்படுகிறது. காகிதத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு குறித்த அளவைக் கடந்தால் அந்த வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலேயே இன்ஜினுக்குள் விடுகிறது. அழுக்கு எண்ணெய் கிடைப்பது எண்ணெயே கிடைக்காமல் போவதைவிட மேல் என்ற கணக்கு அது, கணக்கு சரியானதே. ஆனால் வால்வு திறந்ததை ஓட்டுபவருக்கு எதுவும் அறிவிப்பதில்லை. விளக்கு எரிவதில்லை, ஒலி மாறுவதில்லை, வண்டி நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடுகிறது. புறக்கணிப்பை இயந்திரம் மன்னித்துவிடுகிறது. மன்னித்ததைச் சொல்லாமல் விடுகிறது. அந்த மௌனத்தின் காலம் முழுவதும் பேரிங்கின் பரப்பில் நுண்ணிய கீறல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர், 1927இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ என்ற நூலில், கருவி ஒழுங்காக இயங்கும் வரை பயன்படுத்துபவரின் கவனத்திலிருந்து விலகி மறைந்தே இருக்கும் என்றும், அது பழுதாகும்போதுதான் ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கும் என்றும் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட சுத்தியலுக்கு இது பொருந்துகிறது. ஃபில்டருக்கோ முழுமையாகப் பொருந்துவதில்லை. ஏனெனில் மாற்றுவழி வால்வு உள்ள ஃபில்டர் பழுதான பிறகும் கண்முன் வருவதில்லை. தன் தோல்வியையும் மறைத்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை நோக்கி மனிதர் தாமே செல்ல வேண்டும், அவை மனிதரை நோக்கி வருவதில்லை. உடலில் உயர் இரத்த அழுத்தமும், உறவுகளில் பேசாமல் தேங்கிய மனக்குறையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் முன்னால் கவனம் என்பது, நடந்ததற்கு எதிர்வினை ஆற்றுவதாக இருக்க முடியாது. எதுவும் நடக்காதபோதே மேற்கொள்ளும் பயிற்சியாகத்தான் இருக்க முடியும்.

இத்தகைய கவனத்துக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு. திருக்குறளின் 54ஆம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று பெயர். பொச்சாப்பு என்பது மறதியால் வரும் சோர்வு, பொச்சாவாமை அந்தச் சோர்வுக்கு இடம் கொடாமை. சோம்பலைப் பற்றி வள்ளுவர் மடியின்மை என்ற வேறோர் அதிகாரத்தில் பேசுவதால், பொச்சாப்பு என்பது சோம்பலின் வேறு பெயர் அன்று என்பது தெளிவாகிறது. உழைப்பாளியும் பொச்சாந்து போகலாம். அந்த அதிகாரம், களிப்பில் திளைத்திருக்கும்போது வரும் மறதியைக் கடுஞ்சினத்தைவிடத் தீயதாக மதிப்பிட்டுத் தொடங்குவது இங்கே குறிப்பிடத்தக்கது. துன்பத்தில் இருப்பவருக்குத் துன்பமே நினைவூட்டும். எல்லாம் நன்றாக நடக்கும்போது நினைவூட்ட எதுவும் இருப்பதில்லை. நன்றாக ஓடும் இன்ஜினின் உரிமையாளர் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். பௌத்த மரபில் இதற்கு இணையான பாலிச் சொல் அப்பமாதம் என்பது; தம்மபதத்தின் இரண்டாம் அத்தியாயம் அச்சொல்லின் பெயரையே தாங்கியிருக்கிறது; புத்தரின் இறுதி நாள்களைக் கூறும் மகாபரிநிப்பான சூத்திரம், அவருடைய கடைசி அறிவுரையில் அச்சொல்லை வைத்திருக்கிறது.

மறவாமல் இருக்க வேண்டும் என்று கூறுவது எளிது. அறிந்தும் செய்யாமல் விடுபவரை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. நல்லது எது என்று உண்மையில் அறிந்த எவரும் அதற்கு மாறாக நடக்க மாட்டார் என்பது, பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எடுக்கும் நிலைப்பாடு. அரிஸ்டாட்டில் இதை ஏற்கத் தயங்கினார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்ற தம் நூலின் ஏழாம் பகுதியில், அறிந்தும் அதன்படி நடக்க முடியாத நிலையை அக்ரசியா என்ற கிரேக்கச் சொல்லால் குறித்தார். மனத்தின் ஆளுகைக் குறைவு என்று அதைத் தமிழில் விளக்கலாம். உறங்குபவரிடமும் குடித்தவரிடமும் அறிவு இருக்கிறது, ஆனால் அது செயலில் இல்லை என்பது அவர் காட்டிய ஒப்புமை. ஃபில்டர் மாற்ற வேண்டும் என்ற அறிவும் இப்படித்தான் உறங்குகிறது. கேட்டால் உரிமையாளர் சரியான விடை சொல்வார். ஸ்பேனரை எடுக்கும் நேரத்தில், துருவேறிய ஸ்டட்டின் நினைவு வந்து அந்த அறிவைப் படுக்கவைத்துவிடுகிறது.

தம் வருங்காலப் பலவீனத்தை முன்னரே அறிந்து, அதற்கு எதிராக இப்போதே ஏற்பாடு செய்துகொள்பவருக்குப் பழைய எடுத்துக்காட்டு ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் இருக்கிறது. சைரன்கள் என்ற மாயப் பெண்களின் பாட்டைக் கேட்பவர் வீடு திரும்பாமல் அழிவார் என்பதை அறிந்த ஒடிசியஸ், மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்து, தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்கிறான். நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1979இல் எழுதிய நூல் ஒன்றுக்கு இந்தக் கதையையே தலைப்பாக்கி, அறிவுள்ளவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்வதன் தர்க்கத்தை ஆராய்ந்தார். ஆனால் ஃபில்டரை இடம் மாற்றுபவரின் செயல் இதிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒடிசியஸ் தீய வழியை அடைக்கிறான். ஃபில்டரை நகர்த்துபவர் நல்ல வழியைத் திறக்கிறார். முதலாமவனின் ஏற்பாடு நாளைய மனிதனிடமிருந்து சுதந்திரத்தைப் பறித்துக்கொள்கிறது. இரண்டாமவரின் ஏற்பாடு எதையும் பறிப்பதில்லை. ஃபில்டர் முன்னால் வந்து நின்றாலும், அதை மாற்றாமல் விடும் உரிமை நாளைய உரிமையாளருக்கு அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்து எடுக்கப்படுவது ஒரு சாக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டுக்குத் தத்துவ நூல்கள் உரிய இடம் கொடுக்கவில்லை; தம்மைக் கட்டிக்கொள்வதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, தமக்கு வழி திறந்துகொள்வதைப் பற்றி எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. கடமை எளிதாகிவிட்டால் அதில் அறமதிப்பு என்ன மிஞ்சும்? இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட ‘ஒழுக்க மீபொருளியலுக்கான அடிப்படை’ என்ற நூலில் வரும் கடைக்காரர், விவரமறியாத வாடிக்கையாளரிடமும் நியாயமான விலையையே வாங்குகிறார். ஆனால் அது வியாபாரத்துக்கு நல்லது என்பதற்காகச் செய்தால், அச்செயல் கடமைக்கு ஒத்திருக்கிறதே தவிரக் கடமைக்காகச் செய்யப்பட்டது ஆகாது. சொந்தத் துயரத்தால் மனம் இருண்டு, பிறர்மேல் இரக்கமே எழாத நிலையிலும், கடமை என்பதற்காக மட்டும் உதவுபவரின் செயலில்தான் அறமதிப்பு ஐயமின்றித் தெரிகிறது என்பது கான்ட்டின் கருத்து. இதை நேராக எடுத்துக்கொண்டால், புகைக்குழாயைக் கழற்றி, விரல் முட்டிகளைக் கிழித்துக்கொண்டு ஃபில்டரை மாற்றுபவரே அறவோர். எட்டும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டு மாற்றுபவர் வெறும் கெட்டிக்காரர் என்று முடிவாகும்.

இந்த முடிவு தவறானது. கான்ட்டை முழுமையாக வாசித்தாலே அது நிற்காது. 1797இல் வெளியான ‘ஒழுக்க மீபொருளியல்’ என்ற பிந்தைய நூலில், ஏழைகள் இருக்கும் இடங்களைத் தவிர்த்துச் செல்லக் கூடாது, அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும் என்றும், நோயாளிகளின் அறைகளையும் கடனாளிகளின் சிறைகளையும் காண்பதால் வரும் மன வேதனைக்கு அஞ்சி அவற்றிலிருந்து ஒதுங்கக் கூடாது என்றும் அவர் கூறுகிறார். இயல்பான இரக்க உணர்வைப் பேணி வளர்ப்பது நேரடியற்ற ஒரு கடமை என்பது அவர் தரும் காரணம். கடமையின் சிந்தனை தனியாக நிறைவேற்ற முடியாததை நிறைவேற்றத் துணைசெய்யும் இடத்தில் மனிதர் தம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று, கடமையின் கடுமைக்குப் பெயர்போன அந்த மெய்யியலாளரே ஒப்புக்கொள்கிறார். எதைக் காணும்படி, எதைக் காணாதபடி ஒருவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார் என்பதும் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. புகைக்குழாய்க்குப் பின்னால் மறைந்திருந்த ஒன்றை ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும்போது கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவருவது, இந்த நேரடியற்ற கடமையின் வகையைச் சேர்ந்ததே.

அரிஸ்டாட்டிலிடமிருந்து வரும் மறுமொழி இன்னும் நேரானது. தீய ஆசையோடு போராடி வெல்பவரைவிட, நல்லதைப் போராட்டமின்றியும் மகிழ்ச்சியோடும் செய்பவரையே அவர் உயர்ந்தவராகக் கருதினார். போராட்டம் அறத்தின் அடையாளம் அன்று, அறம் இன்னும் முதிராததன் அடையாளம் என்பது அவர் முறைமையின் உட்பொருள். நற்பண்பு திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது என்று அவர் கொண்டதால், திரும்பச் செய்வதை இயலச் செய்யும் எதுவும் பண்பின் வளர்ப்புக்கு உரியதாகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரும் பாடுபட்டுச் செய்யப்படும் பராமரிப்பு ஒரு சாதனையாக இருக்கலாம். பழக்கமாக இருக்க முடியாது.

மோட்டார் சைக்கிளையும் மெய்யியலையும் இணைத்துப் பேசும்போது ராபர்ட் பிர்சிக்கின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1968இல் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஹோண்டா சூப்பர் ஹாக் வண்டியில் தம் மகனோடு சென்ற பயணத்தை அடிப்படையாகக் கொண்டு, 1974இல் அவர் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’, வேலை செய்பவரின் மன ஊக்கம் எவ்வாறு வற்றிப்போகிறது என்பதை நுட்பமாக ஆராய்கிறது. கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு திருகாணி முழு வண்டியையும் பயனற்றதாக்கிவிடும் நிலையை அது விரிவாகப் பேசுகிறது. ஆனால் பிர்சிக்கின் தீர்வு பெரும்பாலும் மனத்தின் பக்கம் திரும்புகிறது. சிக்கிய திருகாணியின் முன் அமைதியாக நிற்கக் கற்பது பெரிய பேறுதான். அதே திருகாணி ஆண்டுதோறும் சிக்கும் என்று தெரிந்தபிறகு, அதைக் கழற்ற வேண்டிய தேவையையே நீக்குவது பற்றியும் சிந்தனை வேண்டும்.

அந்தச் சிந்தனை ஜென் மரபிலேயே இருக்கிறது. ஜப்பானில் சோட்டோ ஜென் பிரிவை நிறுவிய டோகன், 1237இல் மடத்துச் சமையற்காரருக்கான அறிவுரைகளாக ‘டென்சோ கியோகுன்’ என்ற நூலை எழுதினார். டென்சோ என்பது மடத்தின் சமையலுக்குப் பொறுப்பான துறவியைக் குறிக்கும் சொல். அரிசியைக் கழுவுவதும் பாத்திரங்களைத் துடைப்பதும் தியானத்துக்கு இணையான பயிற்சியாக அதில் வைக்கப்படுகின்றன. உயரத்தில் இருக்கத் தக்கவற்றை உயரத்திலும் தாழ்வில் இருக்கத் தக்கவற்றைத் தாழ்விலும் வைக்க வேண்டும் என்ற சிறு அறிவுரையும் அதில் இடம்பெறுகிறது. பொருளை அதற்குரிய இடத்தில் வைப்பது சமையலுக்கு முன்னேற்பாடு என்று ஒதுக்கப்படாமல், பயிற்சியின் உடலாகவே அங்கே கருதப்படுகிறது. அதே நூலில், சீனாவில் டோகன் கண்ட முதிய சமையல் துறவி, கொளுத்தும் வெயிலில் கூன்முதுகோடு காளான்களை உலர்த்துகிறார். இந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாதா, வெயில் தணியும் வரை பொறுக்கக் கூடாதா என்ற கேள்விகளுக்கு அவர் இணங்குவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடினத்தை நீக்கும் ஒழுங்கும், நீக்க முடியாத கடினத்தைத் தாமே ஏற்கும் உறுதியும் ஒரே மனிதரிடம் எதிர்பார்க்கப்படுகின்றன.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ஷிங்கோ ஷிகேயோ 1960களில் வளர்த்தெடுத்த போகா யோகே என்ற முறையும் இங்கே நினைக்கத் தக்கது. ஓர் உறுப்பைத் தவறாகப் பொருத்தவே முடியாதபடி வேலையை வடிவமைப்பது அதன் சாரம். முதலில் அதற்கு முட்டாள்தனத்தைத் தடுத்தல் என்ற பொருள்படும் பெயர் வழங்கிவந்தது. அது தொழிலாளரின் மனத்தைப் புண்படுத்தியதால், கவனப்பிழையைத் தவிர்த்தல் என்ற பொருள்படும் இப்போதைய பெயர் ஏற்பட்டது. பெயர் மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும், அறவியல் நோக்கில் அது பெரிய திருத்தம்: பழியை மனிதரின் தலையிலிருந்து இறக்கி, வேலை அமைந்திருக்கும் விதத்தின்மேல் வைத்தது.

இவ்வளவும் கூறியபிறகு, இடமாற்றம் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு கூறவேண்டும். வடிவமைப்பாளர் ஃபில்டரை இன்ஜினுக்குள் வைத்ததில் காரணம் இருந்தது. வார்ப்பு உலோகத்துக்குள் ஓடும் எண்ணெய் வழிக்கு உராய்ந்து கிழியும் குழாய் இல்லை, தளர்ந்து கழலும் இணைப்பு இல்லை. இடம் மாற்றுபவர் அந்தப் பாதுகாப்பைக் கைவிட்டு, அழுத்தத்தில் ஓடும் சூடான எண்ணெயை வெளிக்காற்றில் இரண்டு குழாய்கள் வழியே கொண்டுபோகிறார். குழாய் சட்டத்தில் உரசினால் நாளடைவில் ஓட்டை விழும். புகைக்குழாயைத் தொட்டால் வெந்துபோகும். முன்சக்கரம் வீசும் கல் ஃபில்டரின் தகரத்தில் படலாம். குழாய் வெடித்தால் எண்ணெய் பின்சக்கரத்தில் படிந்து, வளைவில் வண்டியோடு மனிதரும் விழுவார். எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற குழாயை விட்டுவிட்டு, கிடைத்த ரப்பர் குழாயை மாட்டுபவர் தம் சோம்பலை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு நகர்த்தியவரே. அவர் கடமையை நகர்த்தவில்லை.

இந்த வேலையின் நடுவே நிற்கும் மிகக் கூர்மையான பொறுப்பு, எந்தக் குழாய் போவது, எந்தக் குழாய் வருவது என்பதை அறிவது. திருகி மாட்டும் ஃபில்டரில், ஓரத்தில் வட்டமாக உள்ள சிறு துளைகள் எண்ணெய் நுழையும் வழி. நடுவிலுள்ள பெரிய துளை வெளியேறும் வழி. இன்ஜின் நிற்கும்போது எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் இருக்க, பெரும்பாலான ஃபில்டர்களில் ஓரத் துளைகளின் உட்புறம் ரப்பர் மடல் ஒன்று இருக்கிறது. குழாய்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டால் எண்ணெய் நடுத்துளை வழியே நுழைந்து அந்த மடலை மூடிய நிலையில் அழுத்தும், ஓட்டம் தடைபடும், இன்ஜின் எண்ணெயின்றித் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். மாற்றுவழி வால்வும் இங்கே காப்பாற்றாது, அது ஒரு திசையில் மட்டுமே திறப்பது. எனவே ஊகத்தின்மேல் மாட்டாமல், தீப்பொறி பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சிறிது சுழற்றி, தட்டின் எந்தத் துளையிலிருந்து எண்ணெய் வெளிவருகிறது என்பதைக் கண்ணால் கண்டபிறகே குழாய்களைப் பிணைக்க வேண்டும். பிறர் செய்த பொருளைத் திருத்துபவர், திருத்திய அளவுக்கு அதன் ஆக்கியோனும் ஆகிவிடுகிறார். அதுவரை தொழிற்சாலையின் பொறுப்பாக இருந்த ஒரு பகுதி, இனி அவருடைய பொறுப்பு.

எல்லாக் கடினங்களையும் நீக்கிவிடலாம் என்றும் இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. கடினம் இரண்டு வகைப்படும். ஒன்று, செய்பவருக்கு எதையோ கற்றுக்கொடுக்கும் கடினம். பழைய ஃபில்டரை அறுத்துத் திறந்து, மடிப்புகளை விரித்து, அதில் மின்னும் துகள் வெண்கலமா, இரும்பா, வெறும் கரியா என்று வெளிச்சத்தில் பார்ப்பது நேரமெடுக்கும் வேலை, ஆனால் இன்ஜினின் உள்நிலையை அது அப்படியே சொல்லிவிடும். மற்றொன்று, எதையும் கற்பிக்காமல் வழியை மட்டும் மறிக்கும் கடினம். துருவேறிய ஸ்டட்டோடு மல்லுக்கட்டுவதால் எண்ணெயைப் பற்றி ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. இரண்டாவதை நீக்கினால்தான் முதலாவதற்கு நேரமும் பொறுமையும் மிஞ்சும். ஃபில்டரை எளிதில் மாற்ற வழி செய்துகொண்டு, கழற்றியதைப் பார்க்காமலே குப்பையில் எறிபவர் இடமாற்றத்தின் பாதிப் பயனை இழந்தவர். வழிபாட்டு முறைகளில் சீர்திருத்தம் பேசுபவர்களும் மருத்துவமனைகளை வடிவமைப்பவர்களும் இந்த வேறுபாட்டைத் தம் துறையில் தேடிப் பார்க்க வேண்டும். எந்தத் தடை பக்தரையோ நோயாளியையோ ஆழத்துக்கு அழைத்துச் செல்கிறது, எந்தத் தடை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்பது ஒவ்வொரு துறையிலும் தனித்தனியே பார்த்து முடிவு செய்யப்பட வேண்டியது.

இந்த வேலையைச் செய்து முடித்தவருக்கு மேலும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. யமஹாவின் கையேடு பழைய வட்ட அறையைத்தான் காட்டும். முன்சட்டத்தில் நிற்கும் புதிய ஃபில்டரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. வண்டியை ஒருநாள் வாங்கப் போகும் மனிதரோ, அதைக் கழற்றப் போகும் மெக்கானிக்கோ, எந்த வகை ஃபில்டர் மாட்டப்பட்டிருக்கிறது, எந்தக் குழாய் போவது, எது வருவது, குழாய்கள் எந்த ஆண்டில் போடப்பட்டவை என்பதை அறிய வேறு வழியே இல்லை. இரண்டு குழாய்களின் இரு முனைகளிலும் அழியாத வண்ணத்தில் குறியிட்டு, அந்தக் குறிகளின் பொருளையும் ஃபில்டரின் வகையையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்காமல் வண்டியைக் கைமாற்றுவது அறமன்று.